அடி விழுந்த வீட்டிலிருந்து பிள்ளையோடு வெளியேறி, டர்பன் கோர்ட்டில் பொறுப்புக் கேட்பது எப்படி

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். சாட்ஸ்வொர்த்தில் எட்டு வருடம் குடித்தனம். கடைசி மூன்று வருடம் அடி. கடைசிச் சில மாதம், என் ஐந்து வயது மகளுக்கு அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது என்ற சந்தேகம். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த நாளிலிருந்து, அவள் என்னோடுதான் வளர வேண்டும் என்று கோர்ட் எழுதிக் கொடுத்த நாள்வரை 14 மாதம் ஆனது. அதில் ஐந்து மாதமாவது எனக்கு விவரம் தெரியாததால் வீணாய்ப் போனது. நிற்கக்கூடாத வரிசையில் நின்றேன், கையெழுத்துப் போடக்கூடாத தாளில் போட்டேன். தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. இங்கே தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் தெருவெல்லாம் இருக்கிறார்கள்; தமிழில் பேசுபவர்கள் பாட்டி வயதுக்காரர்கள் சிலர்தான்.

நான் வக்கீல் இல்லை. என் வழக்கில் நடந்ததையும், அதற்காக விழுந்து விழுந்து கற்றுக்கொண்டதையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உங்கள் விஷயத்துக்கு, சட்ட உதவி தரும் அரசு அமைப்பான லீகல் எய்டின் இலவச எண் 0800 110 110-ல் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு சொல். நாம் 'கஸ்டடி' என்று சொல்வோம். இந்த நாட்டுச் சிறுவர் சட்டத்தில், அதாவது 2005-ஆம் வருடத்து 38-ஆம் சட்டத்தில், அந்தச் சொல் இல்லை. குழந்தை யாரோடு வாழ்ந்து வளர்கிறது என்பது 'கேர்'. மற்றவர் வந்து பார்ப்பது, போனில் பேசுவது 'கான்டாக்ட்'. கோர்ட் ஃபார்ம்களில் இந்த இரண்டு சொற்களைத்தான் தேட வேண்டும். 'கஸ்டடி ஃபார்ம் கொடுங்கள்' என்று கேட்டதால் முதல் நாள் என்னை விவாகரத்துப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே ஒரு பகல் போய்விட்டது.

1. இன்றைக்கே ஆபத்து என்றால்

மற்றதையெல்லாம் பிறகு படியுங்கள். போலீஸ் 10111. வீட்டு வன்முறைக்கென்று 24 மணி நேரமும் எடுக்கிற இலவச எண் 0800 428 428. குழந்தைகளுக்கான சைல்ட்லைன் 116. வெளியேறும்போது பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள். 'முதலில் நான் மட்டும் போய் இடம் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று கிளம்பிய ஒரு தோழிக்கு, பிள்ளையைத் திரும்பத் தன்னிடம் கொண்டுவரவே பல மாதம் ஆனது. குழந்தை இப்போது எங்கே பழகியிருக்கிறதோ அங்கிருந்து பிடுங்கக் கோர்ட் தயங்கும்.

போலீஸ் நிலையத்தில் 'இது குடும்பப் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அது தவறு. 1998-ஆம் வருடத்து வீட்டு வன்முறைச் சட்டப்படி உங்களுக்கு உதவுவதும், பாதுகாப்பான இடத்துக்கும் மருத்துவத்துக்கும் வழி செய்வதும் போலீசின் கடமை. அடித்தது குற்றம், கிரிமினல் புகாரும் கொடுக்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம். ஒன்று இருந்தால் மற்றொன்று கூடாது என்றில்லை.

புகார் கொடுத்தால் கேஸ் எண் வாங்காமல் நகராதீர்கள். நிலையத்து நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி அதன் எண்ணைத் தருவார்கள். அது ஓபி எண். அது வழக்கு ஆகாது. வழக்குப் பதிந்தால் வருவது காஸ் எண். நான் ஓபி எண்ணைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, வழக்கு நடக்கிறது என்று மூன்று வாரம் நம்பியிருந்தேன்.

2. குழந்தையைப் பற்றிச் சந்தேகம் வந்தால்: கேட்காதீர்கள், எழுதுங்கள்

நான் செய்த பெரிய தவறு இந்த இடத்தில்தான். மகள் ஒரு நாள் குளிக்கும்போது ஒன்று சொன்னாள். எனக்குக் கை கால் உதறிவிட்டது. அன்று இரவு முழுக்க, மறுநாளும், 'யார், எப்போது, அப்பாவா, சொல்லு' என்று துருவினேன். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டே கேட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வீடியோவையே எடுத்துக்காட்டி, அம்மாதான் வார்த்தைகளைக் குழந்தை வாயில் வைத்தாள் என்றார். அந்தப் பேச்சை முறியடிக்க எத்தனை மாதம் ஆயிற்று!

பிள்ளை ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். 'நீ சொன்னது நல்லது கண்ணு, உன் மேல் தப்பில்லை' என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் கேள்வி வேண்டாம். அவள் சொன்ன வார்த்தையை அவள் சொன்னபடியே, தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தாலும் கலந்தபடியே, தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊகத்தை அதில் சேர்க்காதீர்கள். படுக்கையை நனைப்பது, ஒரு குறிப்பிட்ட ஆளோடு தனியாக இருக்கப் பயப்படுவது போன்றவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள்.

சமீபத்தில் நடந்தது என்றால் குளிப்பாட்டாதீர்கள். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். உடனே துதுசேலா மையத்துக்குப் போங்கள்; பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கென்று மருத்துவமனைகளில் இருக்கும் மையம் அது. சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையிலும், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும், உம்லாசியில் பிரின்ஸ் மிஷியேனி மருத்துவமனையிலும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எடன்டேல் மருத்துவமனையிலும் இருக்கிறது. டாக்டர், ஆலோசகர், போலீஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், காசு கிடையாது. எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் 'விடியட்டும், திங்கட்கிழமை ஆகட்டும்' என்று தள்ளாதீர்கள். டாக்டர் நிரப்புகிற ஃபார்மின் பெயர் ஜே 88. உங்கள் சொந்தக் காயங்களுக்கும் அதே ஃபார்ம்தான். நிரப்பினார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டர் எழுதினால் மனம் ஒடிந்துவிடாதீர்கள். ஒன்றும் தெரியாமலிருப்பது சகஜம். ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

குழந்தையிடம் பேசும் வேலை, பயிற்சி பெற்ற சோஷியல் வொர்க்கருக்கும் போலீசில் குழந்தைகளுக்கென்றே உள்ள எஃப்.சி.எஸ் பிரிவுக்கும் உரியது. டீச்சர், டாக்டர், நர்ஸ், சோஷியல் வொர்க்கர் ஆகியோர் நியாயமான காரணத்தோடு சந்தேகப்பட்டால் ஃபார்ம் 22-ல் புகார் அனுப்பியே ஆக வேண்டும். சிறுவர் சட்டத்தின் 110-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. (இனி வரும் பிரிவு எண்களும், வேறு பெயர் சொல்லாவிட்டால், இதே சட்டத்தின் எண்கள்தான்.) பாலியல் குற்றம் என்றால், தெரிந்த யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும். மாமியார், நாத்தனார், கோயில் பெரியவர் யாரும் இதில் விலக்கில்லை. 'வெளியே தெரிந்தால் பொண்ணு வாழ்க்கை போச்சு' என்று உங்களை அமுக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொன்ன பிறகு இரண்டு பேர் வாயடைத்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை ஆபத்தில் இருந்தால் சோஷியல் வொர்க்கரோ போலீசோ அவளை உடனே வேறு இடத்துக்கு மாற்றலாம். அதைக் கேட்டு நான் நடுங்கினேன், என்னிடமிருந்தும் பிடுங்கிவிடுவார்களோ என்று. ஆனால் 153-ஆம் பிரிவின்படி, குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு, சந்தேகத்துக்குரிய ஆளை வீட்டைவிட்டுப் போகும்படி போலீஸ் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கவும் முடியும். இதை நீங்கள்தான் ஞாபகப்படுத்திக் கேட்க வேண்டும்.

3. முதல் காகிதம்: புரொடெக்ஷன் ஆர்டர்

கேர் வழக்கு மெதுவாக நடக்கும். அதுவரை உங்களைக் காப்பாற்றுவது இந்த ஆர்டர், அதாவது அடித்தவர் உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கோர்ட் தரும் பாதுகாப்பு உத்தரவு. நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்துக்குரிய மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் கேட்கலாம். தோழி வீட்டில் தற்காலிகமாக இருந்தாலும் போதும். விண்ணப்பக் கட்டணம் இல்லை. வக்கீல் தேவையில்லை. அவசரம் என்றால் கோர்ட் நேரம் முடிந்த பிறகும், விடுமுறை நாளிலும் கேட்கலாம். 2023 ஏப்ரல் 14 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் ஆன்லைனிலும் அனுப்பலாம். விசா முடிந்திருந்தாலும் கேட்கலாம்.

நேரில் போனால் காலை ஏழு மணிக்கே வரிசையில் நில்லுங்கள். பிள்ளைக்குச் சாப்பாடு, தண்ணீர், வரைய ஒரு புத்தகம் கொண்டுபோங்கள். என்னோடு பக்கத்து வீட்டு ஆயா வந்தார். 'நீ உள்ள போம்மா, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்' என்று வெளியே பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நீங்கள் நடந்ததைச் சொல்லும்போது பிள்ளை காதில் விழக்கூடாது. அதனால் ஒருவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

ஃபார்மில் 'அடிக்கடி அடிப்பார்' என்று எழுதினால் ஒன்றும் ஆகாது. கடைசியாக நடந்தது, மிக மோசமானது, முதலில் நடந்தது என்ற மூன்றையும் தேதியோடு எழுதுங்கள். காசு கொடுக்காமல் வைத்தது, போனைப் பிடுங்கியது, வெளியே போகவிடாதது ஆகியவையும் சட்டப்படி வன்முறைதான். குழந்தை கண் முன்னால் அடித்திருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். குழந்தையை வன்முறைக்கு ஆளாக்கிக் காட்டுவதே திருத்தத்துக்குப் பிறகு வீட்டு வன்முறை என்ற வரையறைக்குள் வருகிறது. கணவரிடம் துப்பாக்கி இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். பறிமுதல் செய்யச் சொல்ல முடியும். உங்கள் புது முகவரியை ஆர்டரில் போடவேண்டாம் என்று கேளுங்கள்.

பிள்ளையின் பெயரையும் சேருங்கள். குழந்தையின் நலனுக்கு அவசியம் என்று பட்டால், அவர் குழந்தையைச் சந்திப்பதைத் தடுக்கவோ நிபந்தனையோடு அனுமதிக்கவோ இந்த ஆர்டரிலேயே மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடலாம். நான் என் பெயரை மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமையே அவர் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார். அதற்காக மறுபடி ஒரு விண்ணப்பம், மறுபடி ஒரு வரிசை.

பெரும்பாலும் அன்றே இடைக்கால ஆர்டர் கிடைத்துவிடும். ஆனால் அவர் கையில் சேர்க்கப்படும்வரை அதற்கு உயிரில்லை. ஷெரிஃபோ (கோர்ட் தாள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அதிகாரி) போலீசோ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஷெரிஃப் கட்டணம் கட்ட முடியாது என்றால் கிளார்க்கிடம் சொல்லி அரசுச் செலவில் அனுப்பக் கேளுங்கள். என் ஆர்டர் முகவரியில் ஒரு எண் தப்பாகி இரண்டு வாரம் அலுவலகத்திலேயே கிடந்தது. கொடுத்தாகிவிட்டதா என்று மூன்றாம் நாளே போன் செய்து கேளுங்கள்; அவர் வேலை செய்யும் இடத்து முகவரியையும் கொடுத்து வையுங்கள்.

ஆர்டரோடு ஒரு அரெஸ்ட் வாரண்டும் தருவார்கள். அவர் மீறினால் வாரண்டையும், சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலமான ஒரு அஃபிடவிட்டையும் போலீசிடம் கொடுத்தால் போதும். மீறினால் ஐந்து வருடம்வரை சிறை.

திரும்ப வரச்சொன்ன தேதிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 'சமாதானமாகப் போய்விடலாம்' என்று அந்த வாரம்தான் மாமா, பெரியப்பா எல்லாம் போன் செய்வார்கள். நீங்கள் போகாவிட்டால் ஆர்டர் விழுந்துவிடக்கூடும். பிறகு 'அன்றைக்கு விட்டுக்கொடுத்தாளே' என்பது கேர் வழக்கில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

4. காகிதங்களுக்கு ஒரு பை

ஒரே பையில் வைத்து, அந்தப் பையை அவர் கைக்கு எட்டாத வீட்டில் வையுங்கள். உங்கள் பாஸ்போர்ட் அல்லது ஐடி, விசா, கல்யாணச் சர்டிபிகேட், பிள்ளையின் பிறப்புச் சர்டிபிகேட், தடுப்பூசிப் புத்தகம், பள்ளி ரிப்போர்ட், ஜே 88 நகல், காஸ் எண், புரொடெக்ஷன் ஆர்டர், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட். பிறப்புச் சர்டிபிகேட் அப்பா அம்மா இருவர் விவரமும் உள்ள முழு நகலாக இருக்க வேண்டும். மறுநகலுக்கு நான் கட்டியது 75 ராண்ட். காத்திருந்தது ஏழு வாரம், இடையில் இரண்டு முறை 'சிஸ்டம் ஆஃப்லைன்'. ஆகவே முதல் வாரமே, பிறப்பு, கல்யாணம் எல்லாம் பதிகிற அரசு அலுவலகமான ஹோம் அஃபேர்ஸ் போய்விடுங்கள்.

நகல்களுக்கு முத்திரை போடுவதற்கும் அஃபிடவிட்டுக்குச் சத்தியம் வாங்குவதற்கும் போலீஸ் நிலையத்தில் காசு கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். முத்திரை மூன்று மாதத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும் என்று பல கவுன்ட்டர்களில் கேட்கிறார்கள். ஒரேயடியாக இருபது போட்டு வைக்காதீர்கள்.

முகவரிச் சான்று வீட்டைவிட்டு வந்தவளுக்கு எங்கிருந்து வரும்? தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் அஃபிடவிட்டும் அவர் வீட்டு லைட் பில்லும் போதுமானதாக இருந்தது.

வாட்ஸ்அப் மிரட்டல்களை வெறும் ஸ்க்ரீன்ஷாட்டாக வைக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து, நம்பிக்கையான ஒருவருடைய மெயிலுக்கு அனுப்புங்கள். அவரும் உங்கள் மெசேஜ்களைச் சேர்த்து வைத்திருப்பார். கோபத்தில் எழுதும் ஒவ்வொரு வரியையும் மாஜிஸ்ட்ரேட் படிப்பார் என்று நினைத்தே பதில் எழுதுங்கள்.

5. எந்தக் கோர்ட்டுக்குப் போவது

ரிஜிஸ்டர் செய்த கல்யாணம், விவாகரத்தும் வேண்டும் என்றால் ரீஜனல் கோர்ட்டிலோ ஹை கோர்ட்டிலோ விவாகரத்து வழக்குக்குள்ளேயே கேரையும் கேட்க வேண்டும். ரீஜனல் கோர்ட்டில் செலவு குறைவு. வழக்கு முடியும்வரை பிள்ளை யாரோடு, செலவுக்கு யார் என்று இடைக்கால உத்தரவு கேட்க வழி இருக்கிறது: ஹை கோர்ட்டில் ரூல் 43, ரீஜனல் கோர்ட்டில் ரூல் 58. வக்கீல் இதைச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

கோயிலில் தாலி கட்டியதோடு சரி, ஹோம் அஃபேர்ஸில் பதியவில்லை என்றால், அல்லது இப்போதைக்கு விவாகரத்து வேண்டாம் என்றால், சில்ட்ரன்ஸ் கோர்ட்டுக்குப் போங்கள். தனிக் கட்டடம் தேடாதீர்கள். ஒவ்வொரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டும் சில்ட்ரன்ஸ் கோர்ட்தான். பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய கோர்ட்: சாட்ஸ்வொர்த்காரர்களுக்குச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ்காரர்களுக்கு வெருலம். கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, வெளி ஆட்களை உள்ளே விடமாட்டார்கள்.

இதில் நம் ஆட்கள் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பதியாத கல்யாணம்தானே, அப்பாவுக்கு உரிமையே இல்லை என்று எனக்குக்கூட ஒருவர் சொன்னார். சிறுவர் சட்டம் மதமுறைக் கல்யாணத்தையும் கல்யாணம் என்றே எடுத்துக்கொள்கிறது. அப்பாவுக்கு உரிமை முழுதாக உண்டு. அதைக் கோர்ட்தான் குறைக்கவோ நிறுத்தி வைக்கவோ எடுத்துவிடவோ முடியும். அதற்கான விண்ணப்பம் 28-ஆம் பிரிவின் கீழ். அம்மா இல்லாத பிள்ளைக்குப் பாட்டியோ சித்தியோ கேர் கேட்பதென்றால் 23-ஆம் பிரிவு.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். 'இங்கிலீஷ் கொஞ்சம் வரும்' என்று நான் சமாளித்தேன். அழுகை வந்தால் அந்தக் கொஞ்சமும் வராது. பிறகு தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை என்று ஒரு முறை தள்ளிவைத்தார்கள். சொந்தக்காரரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

6. பஞ்சாயத்து

என்னைக் கோயில் பெரியவர்கள் இருவர் உட்காரவைத்து, 'பிள்ளை வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். சந்தேகத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தாள்தான் கோர்ட்டில் எனக்கு எதிராக முதலில் நீட்டப்பட்டது. சாதாரணப் பிரிவினைகளில் பெற்றோர் உட்கார்ந்து பேசி எழுதும் திட்டத்துக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் குழந்தைக்குக் கொடுமை நடந்ததாகப் புகார் இருந்தால், கோர்ட்கூட அந்த வழக்கைப் பெரியவர்களின் பேச்சுவார்த்தைக்கு அனுப்பக்கூடாது என்று 71-ஆம் பிரிவு சொல்கிறது. கோர்ட்டே அனுப்ப முடியாத இடத்துக்கு நீங்களாகப் போகாதீர்கள். எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் 'லீகல் எய்டில் காட்டிவிட்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

'கண்டித்து வளர்க்கத்தானே அடித்தேன்' என்ற வாதமும் வரும். 2019 செப்டம்பர் 18-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சாக்கை நீக்கிவிட்டது. பெற்றோர் அடித்தாலும் அடிதான். இது நமக்கும் சேர்த்துத்தான். சோஷியல் வொர்க்கர் உங்களையும் கேட்பார்.

7. ஃபேமிலி அட்வகேட், சோஷியல் வொர்க்கர் வரும்போது

ஃபேமிலி அட்வகேட் உங்கள் வக்கீலும் இல்லை, கணவருடைய வக்கீலும் இல்லை. குழந்தைக்கு எது நல்லது என்று விசாரித்துக் கோர்ட்டுக்கு அறிக்கை தரும் அரசு அதிகாரி. சேவை இலவசம். ஆனால் தேதி கிடைக்கவே எனக்கு மூன்று மாதம், அறிக்கை வர இன்னும் இரண்டு மாதம்.

அழைப்பு வந்தவுடன் புரொடெக்ஷன் ஆர்டரின் நகலை அனுப்பி, கணவரோடு ஒரே அறையில் உட்கார முடியாது, தனித்தனியாக விசாரியுங்கள் என்று எழுதுங்கள். வரும் நேரம், போகும் நேரம்கூட வேறுவேறாக வைக்கக் கேளுங்கள்.

விசாரணையில் கணவரைத் திட்டுவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறாள், எந்த டாக்டர், யார் பள்ளிக்கு விடுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறாள், இதெல்லாம்தான் கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. அதுவே அறிக்கையில் இரண்டு பத்தி வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சந்தேகத்தைச் சந்தேகம் என்றே சொல்லுங்கள். அதற்குக் காரணமான தேதிகளைக் காட்டுங்கள்.

பிள்ளையைத் தயார் செய்யாதீர்கள். 'ஒரு ஆன்ட்டி பேசுவாங்க, நீ நினைச்சதச் சொல்லலாம்' என்பது போதும். வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பத் தன் விருப்பத்தைச் சொல்ல 10-ஆம் பிரிவு குழந்தைக்கு உரிமை தருகிறது. விஷயம் சிக்கலானால் குழந்தைக்கென்றே அரசுச் செலவில் தனி வக்கீல் வைக்கவும் கேட்கலாம். அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவில் அது இருக்கிறது.

என் கிரிமினல் புகாரை 'ஆதாரம் போதாது' என்று அரசு வக்கீல் எடுக்கவில்லை. அன்று எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். கேர் வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு, குழந்தைக்கு எது நல்லது என்று பார்க்கிறார்கள். அதே தாள்களை வைத்துத்தான், ஒரு சோஷியல் வொர்க்கர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், மாதம் இரண்டு முறை, இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று எனக்கு உத்தரவு கிடைத்தது.

8. பார்க்க விடாமல் தடுக்கலாமா

ஆர்டரோ நடைமுறைக்கு வந்த ஒப்பந்தமோ பார்க்கலாம் என்று சொல்லியிருந்து நீங்கள் தடுத்தால் அது 35-ஆம் பிரிவின்படி குற்றம். அபராதமோ ஒரு வருடம்வரை சிறையோ வரலாம். அதற்காகப் பயந்து ஆபத்தில் அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. அன்றைக்கே கோர்ட்டுக்குப் போய் ஆர்டரை மாற்றக் கேளுங்கள், அன்றைக்கே சோஷியல் வொர்க்கருக்குத் தகவல் கொடுங்கள், காரணத்தை எழுத்தில் வையுங்கள். வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு போனை அணைத்துவிடுவதுதான் கூடாது.

ஃபேஸ்புக்கில் ஒரு வார்த்தை எழுதாதீர்கள். சில்ட்ரன்ஸ் கோர்ட் விசாரணையில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் கோர்ட் அனுமதி இல்லாமல் வெளியிடக்கூடாது.

9. விசா பயம், பாஸ்போர்ட் பயம்

'பிரிந்தால் உன் விசா போச்சு, பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.' இதைக் கேட்டே நான் இரண்டு வருடம் வாய் மூடிக் கிடந்தேன். 2023 டிசம்பர் 4-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்கப் பிரஜையான பிள்ளைக்குப் பெற்றோர் கடமையைச் செய்துவரும் வெளிநாட்டவர், கல்யாணம் முறிந்தது என்பதற்காக நாட்டைவிட்டுப் போக வேண்டும், வேலையை விட வேண்டும் என்ற விதி செல்லாது. ஆனால் விசாவைத் தானாக யாரும் மாற்றித் தரமாட்டார்கள். காலாவதி ஆவதற்கு முன்பே லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸின் டர்பன் அலுவலகத்திலோ குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்திலோ போய்க் கேளுங்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு, இந்தியாவுக்குப் போய்விடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் டிக்கெட் பார்க்கும்வரை போனது. பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கவும் நாட்டைவிட்டு அழைத்துப் போகவும் இரண்டு பெற்றோர் சம்மதமும் வேண்டும், அல்லது கோர்ட் உத்தரவு வேண்டும். அது இல்லாமல் போனால் பிள்ளையைக் கடத்தியவள் என்று ஆகிவிடுவீர்கள். இதே காரணத்தால் அவரும் கொண்டுபோய்விடக்கூடும் என்ற பயம் இருந்தால், பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்க உத்தரவு கேளுங்கள். குழந்தை கடத்தல் பற்றிய ஹேக் ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா இருக்கிறது, இந்தியா இல்லை. இந்தியாவுக்குப் போய்விட்ட பிள்ளையை அந்த ஒப்பந்தத்தைக் காட்டித் திரும்பக் கொண்டுவர முடியாது. போகும் முன் தடுப்பதுதான் வழி.

10. செலவு

கோர்ட்டுக்குக் கட்டியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. போக்குவரத்து, நகல், போன், வேலைக்குப் போகாத நாட்கள், இவைதான் தின்றன. தனி வக்கீல் வைத்தால் மணிக்கணக்கில் பணம். முதல் சந்திப்புக்கு எவ்வளவு, முழு வழக்குக்கு உத்தேசமாக எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். தனியார் மனநல நிபுணரிடம் அறிக்கை வாங்கச் சொன்னால் கையெழுத்துப் போடும் முன் விலை கேளுங்கள், பல ஆயிரம் ராண்ட் ஆகும். அரசுச் சோஷியல் வொர்க்கர் அறிக்கைக்குக் கோர்ட்டே உத்தரவிடலாம், அதற்குக் காசில்லை. லீகல் எய்டில் வருமானம் பார்ப்பார்கள், ஸ்டேட்மென்டைக் கொண்டுபோங்கள்.

பிள்ளைச் செலவுக்கு மெயின்டனன்ஸ் கோர்ட்டில் தனி விண்ணப்பம், அதுவும் இலவசம். கேர் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் பிள்ளையைப் பார்க்கிறாரா இல்லையா என்பதற்கும் பணம் கொடுக்க வேண்டும் என்பதற்கும் சம்பந்தமில்லை. 'காசு வேண்டாம், பிள்ளையை விட்டால் போதும்' என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். அது உங்கள் காசில்லை, பிள்ளையுடையது.

11. ஆர்டர் கைக்கு வந்த பிறகு

அன்றே படித்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, சந்திக்கும் நாள், இடம், நேரம், யார் உடனிருப்பது, பள்ளி விடுமுறையில் என்ன, தீபாவளிக்கு என்ன. 'நியாயமான சந்திப்பு' என்று மட்டும் இருந்தால் கோர்ட்டை விட்டு வெளியே வரும் முன் தெளிவாக்கக் கேளுங்கள். எது நியாயம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் நின்று சண்டை போட முடியாது.

முத்திரை போட்ட நகல்கள் ஆறு எடுத்தேன். பள்ளி முதல்வருக்கு ஒன்று, பள்ளி முடிந்ததும் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு ஒன்று, அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கு ஒன்று, கிளினிக்குக்கு ஒன்று, ஆயா வீட்டில் ஒன்று, என்னிடம் ஒன்று. யார் யார் பிள்ளையை அழைத்துப் போகலாம் என்று பெயர் எழுதிப் பள்ளியில் கையெழுத்து வாங்குங்கள். வருடம் மாறி டீச்சர் மாறினால் ஜனவரியில் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். பிள்ளையின் ஸ்கூல் பையில் மட்டும் நகலை வைக்காதீர்கள். என் மகள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.